தலை, கழுத்துப் புற்றுநோய்: எடை இறங்குவதும் மனம் சோர்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, மூக்கின் பின்பகுதி ஆகிய இடங்களில் வரும் புற்றுநோய்க்குக் கோலாலம்பூர் வட்டாரத்தில் சிகிச்சை பெறுகிறவர்களும், அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவை கதிர்வீச்சு நடக்கும் ஆறேழு வாரங்களையும் அதற்கடுத்த ஒன்றிரண்டு மாதங்களையும் பற்றியவை. மருந்தையும் அதன் அளவையும் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எடை இறங்குவதற்கும் மனச்சோர்வுக்கும் என்ன சம்பந்தம்?

ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வரும். வாய்ப்புண், வறண்ட வாய், மாறிப்போன ருசி, விழுங்கும்போது வலி எல்லாம் சேர்ந்து சாப்பாட்டைக் குறைக்கின்றன. சாப்பாடு குறைந்ததும் தசை கரைகிறது. நடக்கத் தெம்பில்லை, தூக்கம் கெடுகிறது, நாளெல்லாம் படுக்கை. மனம் இறங்க இதற்கு மேல் வேறு காரணம் தேவையில்லை. மறுபக்கம், மனம் இறங்கியவருக்குச் சாப்பிட வேண்டும் என்ற எண்ணமே எழாது. வலி மாத்திரையைத் தள்ளிப் போடுவார், வாய் கொப்பளிக்க மாட்டார், பால் கலக்கி வைத்தால் ஆறி ஆடை கட்டும் வரை பார்த்துக்கொண்டிருப்பார். நோயும் சிகிச்சையும் உடம்பில் கிளப்பும் அழற்சி, பசியையும் மனநிலையையும் ஒரே நேரத்தில் அமுக்குகிறது என்பது தனிக்கதை.

“முதலில் வாய் ஆறட்டும், மனசு தானாகத் தேறிவிடும்” என்று காத்திருப்பதுதான் நாம் அதிகம் காணும் தவறு. எடை பார்க்கும் அன்றே மனநிலையையும் கேட்க வேண்டும்.

எவ்வளவு இறங்கினால் கவலைப்பட வேண்டும்?

ஒரு மாதத்தில் 5 விழுக்காடு, ஆறு மாதத்தில் 10 விழுக்காடு. இதைத் தாண்டினால் அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் உணவியல் நிபுணரைப் பார்க்கக் கேளுங்கள்.

கணக்கு சுலபம். சிகிச்சைக்கு முன் 62 கிலோ, நான்காவது வாரத்தில் 57.5 கிலோ என்றால் இறங்கியது 4.5 கிலோ. 4.5-ஐ 62-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 7 விழுக்காட்டுக்கு மேல் வருகிறது. எல்லை தாண்டியாயிற்று. முன்பு 95 கிலோ இருந்தவர் 87-க்கு வந்தாலும் இதே கணக்குத்தான். “கொஞ்சம் இளைத்தால் நல்லதுதானே, சர்க்கரைகூடக் குறையும்” என்று வீட்டில் சொல்வார்கள். இந்த நேரத்தில் கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கூடவே போகிறது.

வாரம் ஒரு நாள், ஒரே தராசு, காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், செருப்பில்லாமல் நிறுங்கள். ஆஸ்பத்திரித் தராசில் ஒரு வாரம், வீட்டுத் தராசில் மறுவாரம் என்று மாற்றினால் ஒரு கிலோ வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. கால் வீக்கம் இருந்தால் அதையும் எழுதி வையுங்கள். நீர் கோத்த எடை நம்மை ஏமாற்றும்.

எடை குறைந்தால் சிகிச்சைக்கு என்ன ஆகும்?

கதிர்வீச்சின்போது முகத்துக்கும் கழுத்துக்கும் அளவெடுத்து ஒரு பிளாஸ்டிக் முகமூடி செய்து, மேசையோடு சேர்த்துப் பூட்டுகிறார்கள். கன்னமும் கழுத்தும் வற்றினால் அது தளர்ந்துவிடும். தளர்ந்த முகமூடிக்குள் தலை அசைந்தால் கதிர் விழும் இடம் மாறும். அதனால் மறுபடி முகமூடி செய்து, ஸ்கேன் எடுத்து, திட்டத்தைப் புதிதாகப் போட நேரிடலாம்.

அதைவிடப் பெரிய நட்டம் நாள் தவறுவது. அறுவைச் சிகிச்சை இல்லாமல் கதிர்வீச்சையே முதன்மையாகக் கொடுக்கும்போது வழக்கமான அளவு 70 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). அதை 35 தவணையாகப் பிரித்து, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம் கொடுப்பார்கள். இந்த வகைப் புற்றுநோயில் சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் 1 விழுக்காடு குறைகிறது என்பது பழைய, பலமுறை உறுதியான கணக்கு. “இன்றைக்கு முடியல, நாளைக்குப் போறேன்” என்ற வார்த்தையை மனச்சோர்வு மிக எளிதாகச் சொல்ல வைக்கும்.

அப்பா சாப்பிட மாட்டேன் என்கிறார். முடியாமலா, மனமில்லாமலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“ஏன் சாப்பிடல?” என்று கேட்டால் “பசிக்கல” என்ற ஒரே பதில்தான் வரும். கேள்வியை உடைத்துக் கேளுங்கள்: விழுங்கினால் வலிக்கிறதா? ருசி தெரிகிறதா? வயிற்றைப் புரட்டுகிறதா? மலம் போய் எத்தனை நாள் ஆயிற்று? சாப்பிட வேண்டும் என்று தோன்றுகிறதா?

வலி என்றால் மருந்தின் நேரத்தை மாற்றிப் பாருங்கள். வலி மருந்து சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போக வேண்டும். சாப்பிட்டபின் கொடுப்பது பல வீடுகளில் நடக்கும் தவறு. வாய்ப்புண் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கி, சிகிச்சை முடியும் வாரத்திலும் அதற்கடுத்த ஒன்றிரண்டு வாரத்திலும் உச்சத்தில் இருக்கும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சோடா மாவும் (பேக்கிங் சோடா) கலந்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கொப்பளிக்கலாம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த் திப்பிபோல வெள்ளை படிந்திருந்தால் அது பூஞ்சை. அதற்கு மருந்து உண்டு, மிஸ்ஸியிடம் (தாதியிடம்) வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

மலச்சிக்கலைக் கேட்பதற்குக் காரணம், மார்பின், டிராமடால் வகை வலி மருந்துகள் வயிற்றைக் கட்டிவிடும். நான்கு நாள் போகாத வயிற்றில் பசி எங்கிருந்து வரும்?

இவை எல்லாம் ஓரளவு சரியாக இருந்தும் தட்டைத் தள்ளுகிறார் என்றால் மனதைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

இந்த நோய் வந்தால் யாருக்குத்தான் கவலை இருக்காது? அதை மனச்சோர்வு என்று எப்படிச் சொல்வது?

கவலை வரும், போகும். பேரப்பிள்ளை வந்தால் முகம் மலரும். மனச்சோர்வில் அது மலர்வதில்லை. நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே கிடக்கும்.

இங்கே ஒரு சிக்கல். தூக்கமின்மை, பசியின்மை, களைப்பு மூன்றும் மனச்சோர்வின் அறிகுறிகள். கதிர்வீச்சும் கீமோவும் இதே மூன்றைத் தருகின்றன. அதனால் அவற்றை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. மனதைச் சேர்ந்த அறிகுறிகளுக்குக் காது கொடுங்கள்: முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போவது, “நான் உங்களுக்குப் பாரம்”, “எல்லாம் நான் வெற்றிலை போட்டதால வந்த வினை” என்று தன்னையே குற்றம் சாட்டுவது, இனி ஒன்றுமில்லை என்ற பேச்சு. வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட், மது என்று காரணம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் நோய் என்பதால் குற்றவுணர்வு இங்கே கொஞ்சம் அதிகம். உறவினர்களும் அதை நினைவுபடுத்தத் தவறுவதில்லை.

வீட்டிலேயே கேட்கக்கூடிய இரண்டு கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கையில்லாமல் இருந்ததா? ஒவ்வொன்றுக்கும் “இல்லவே இல்லை” 0, “சில நாள்” 1, “பாதி நாளுக்கு மேல்” 2, “ஏறக்குறைய தினமும்” 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் அந்த எண்ணையே சொல்லுங்கள். “அப்பா கொஞ்சம் டல்லா இருக்கார்” என்று சொல்வதைவிட “4 வருது டாக்டர்” என்றால் உடனே கவனிப்பார்கள். அங்கே பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளைக் கொடுப்பார்கள். அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பரிசோதிப்பது வழக்கம்.

குரல்வளை அகற்றப்பட்டவராக இருந்தால் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், அல்லது விரலால் எண்ணைக் காட்டினாலும் போதும். பேச முடியாதவரிடம் யாரும் மனநிலையைக் கேட்பதில்லை.

மனச்சோர்வு மாதிரி தெரிந்து வேறு ஏதாவதாக இருக்குமா?

இருக்கும். வாந்திக்காகக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் தூக்கத்தையும் மனநிலையையும் ஆட்டும். சிஸ்பிளாட்டின் கீமோவுக்குப் பிறகு உப்புச்சத்துகள் குறைந்தால் மந்தமாகி விடுவார்கள். தினமும் குடித்துப் பழகியவர் திடீரென நிறுத்தினாலும் நடுக்கம், பதற்றம், குழப்பம் வரும். அது ஆபத்தானது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காலையில் தெளிவாக இருந்தவர் மாலையில் ஆள் தெரியாமல் பேசினால் அது சோர்வு அல்ல.

கஞ்சி நிறையத்தான் கொடுக்கிறோம். பிறகும் ஏன் இளைக்கிறார்?

கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். வடித்த கஞ்சிபோல நீர்க்க வைத்த 300 மில்லிக் கிண்ணத்தில் 100 கலோரியைச் சுற்றித்தான் இருக்கும். சிகிச்சை நேரத்தில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரியும் 1.2 முதல் 1.5 கிராம் புரதமும் தேவை. 60 கிலோ உள்ளவருக்கு அது 1,800 கலோரி வரை, புரதம் 72 முதல் 90 கிராம். வெறுங்கஞ்சியில் அதை எட்ட ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிண்ணம் குடிக்க வேண்டும். வாய் புண்ணாக இருப்பவர் மூன்று கிண்ணம் குடித்தாலே பெரிது.

கிண்ணத்தைப் பெரிதாக்காமல் கஞ்சியைக் கனமாக்குங்கள். குழைய வெந்த சோறு அரைக் கப், வெந்த பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, கொழுப்பெடுக்காத பால் மாவு நான்கு மேசைக்கரண்டி, நெய் அல்லது எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. கொதிக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றி முழுதாக வேக விடுங்கள். கோழி வேகவைத்த நீர் சேர்த்து பிளண்டரில் அடித்து, ஆறவிட்டுக் கொடுங்கள். அதே 300 மில்லியில் சுமார் 450 கலோரியும் 17 கிராம் புரதமும் போய்ச் சேரும். நெய்யைக் கடைசியில் மேலே ஊற்றினால் மிதந்து நாக்கில் ஒட்டும். அரைக்கும்போதே சேர்ப்பது நல்லது. கீமோ நடக்கும் காலத்தில் அரைவேக்காட்டு முட்டை வேண்டாம்.

புளி, எலுமிச்சை, ரசம், சம்பல், மிளகு எல்லாம் புண்ணில் எரியும். தாவ்ஃபு (சோயாக் கட்டி), தயிர், வாழைப்பழம் அடித்த பால், ஆறிய மைலோ, தேங்காய்ப்பால் சேர்த்த கேழ்வரகுக் கூழ் போன்றவை இறங்கும். இரும்பு ருசி அடிக்கிறது என்பவருக்குப் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்துப் பாருங்கள்.

டின்னில் வரும் சத்துப் பால் மாவு விலை அதிகம் என்பதால் மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டுத் தண்ணீரை நிரப்பிவிடுகிறார்கள். சரியாகக் கலந்தால் சாதாரண வகையில் ஒரு மில்லிக்குச் சுமார் ஒரு கலோரி கிடைக்கும். நீர்த்தால் அந்தக் கணக்கே போயிற்று. எந்த டின் வாங்கினாலும் அதன் மேல் எழுதியிருக்கும் அளவுதான் அளவு.

சர்க்கரை கொடுத்தால் கட்டி வளருமாமே? பாலும் கோழியும் கூடாது என்கிறார்களே?

இல்லை. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடப்பதில்லை, ஆள்தான் பட்டினி கிடக்கிறார். இந்த வாட்ஸ்அப் வைத்தியத்தால் ஒரே வாரத்தில் பால், முட்டை, கோழி, சீனி நான்கையும் நிறுத்தி, பாகற்காய்ச் சாற்றை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இன்சுலினையோ மாத்திரையையோ டாக்டர் சரிசெய்வார். சாப்பாட்டைக் குறைத்து சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் காலம் இதுவல்ல.

புரட்டாசி, தைப்பூச விரதம் இருக்கலாமா?

மரக்கறி உணவில் தாராளமாக இருக்கலாம். பால், தயிர், பருப்பு, சோயா, தாவ்ஃபு, நெய், நிலக்கடலை வெண்ணெய் ஆகியவற்றிலேயே தேவையான புரதத்தை எட்டிவிடலாம். ஒரு வேளை மட்டும் சாப்பிடும் விரதமும், தண்ணீர் இல்லா விரதமும் இந்த வருடம் வேண்டாம். நேர்த்திக்கடன் என்றால் வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

மனநல டாக்டரிடம் அனுப்புகிறார்கள். அவ்வளவு மோசமாகவா ஆகிவிட்டது?

நம் ஆட்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைதான் நினைவுக்கு வருகிறது. கோலாலம்பூர் பொது மருத்துவமனையோ, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையமோ, புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகமோ, இந்தப் பெரிய மருத்துவமனைகளில் வலிக்கு ஒரு டாக்டர் இருப்பதுபோல மனதுக்கும் ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான். மனநலப் பிரிவுக்குப் போகத் தயங்குகிறவர் அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில், அதாவது கிளினிக் கெசிஹாத்தானில், தொடங்கலாம்.

மருந்தைப் பற்றி அதிகம் கேட்கப்படுபவை இரண்டு. எசிட்டலோபிராம் பரவலாகத் தரப்படுவது. மனச்சோர்வு இன்னும் வராத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு முன்கூட்டியே அதைக் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2013-ல் வெளியானது. அதில் வெற்று மாத்திரை பெற்றவர்களில் சுமார் 25 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு வந்தது. மருந்து பெற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்குத்தான் வந்தது. மிர்டாசபின் இரவில் கொடுப்பது. தூக்கம் வரவைக்கும், வாயில் கரையும் வில்லையாகவும் உண்டு என்பதால் விழுங்க முடியாதவர்களுக்கு வசதி. பசியைத் தூண்டும் என்று எழுதிக் கொடுப்பார்கள். மனச்சோர்வு இருந்தால் கொடுப்பது சரி, பசிக்காக மட்டும் கேட்டு வாங்குவதில் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

எதுவானாலும் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், முழுப்பலனுக்கு இன்னும் கொஞ்சம். முதல் வாரத்தில் குமட்டல் வரலாம். ஐந்து நாள் போட்டு “ஒண்ணும் தெரியல” என்று நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, பின் மெல்லக் குறைப்பார்கள்.

டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது: டிராமடால் போடுகிறாரா, வாந்திக்கு ஒண்டான்செட்ரான் போடுகிறாரா. முதலாவது எசிட்டலோபிராமோடு சேர்ந்தால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிகையாகி நடுக்கம், வியர்வை, காய்ச்சல் வரக்கூடும். இரண்டாவது சேர்ந்தால் இதயத் துடிப்பின் சீர் கெடலாம். சேர்த்துக் கொடுக்கவே கூடாது என்பதல்ல, தெரிந்து கொடுக்க வேண்டும். உணவுக்காக மூக்கில் குழாய் போட்டவர் எந்த மாத்திரையை நுணுக்கலாம், எதை நுணுக்கக் கூடாது என்பதை மருந்தகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

மருந்தில்லாமல் முடியாதா?

லேசான சோர்வுக்குப் பல நேரம் முடியும். ஆஸ்திரேலியாவில் 307 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், உணவியல் நிபுணர்களுக்கே மனநல ஆலோசனை முறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். நோயாளிக்கு எதற்காக இந்தச் சிகிச்சையை முடிக்க வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்து, அதை அன்றைய சாப்பாட்டுத் திட்டத்தோடு கட்டினார்கள். எடை இழப்பும் மனச்சோர்வும் இரண்டும் குறைந்தன.

வீட்டில் இதைச் சிறிய அளவில் செய்யலாம். பசியை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். காலை 7 முதல் இரவு 9 வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, எட்டு வேளை. ஒவ்வொரு வேளையும் அரைக் கிண்ணம், அதாவது 150 மில்லி. முன் சொன்ன கனமான கஞ்சியோ சத்துப் பாலோ ஆனால் இதுவே 1,200 முதல் 1,800 கலோரி. குடித்ததும் அவர் கையாலேயே காலண்டரில் ஒரு கோடு போடட்டும். எட்டுக்கு ஐந்து கோடு விழுந்தால் நாளை ஆறு என்று பேசுங்கள். விடுபட்ட மூன்றைப் பற்றிப் பேச வேண்டாம். அதோடு, மாலையில் வாசல் வரை பத்து நிமிட நடை.

என்ன பேசுவது, என்ன பேசக்கூடாது?

“சாப்பிட்டீங்களா?” என்பது நமக்கு வணக்கம் மாதிரி. இவருக்கு அது ஒரு நாளைக்குப் பதினைந்து முறை வரும் விசாரணை. வந்து போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். “என்னங்க இப்படி இளைச்சிட்டீங்க” என்பதையும் சேர்த்துத் தடை செய்யலாம்.

எல்லாரும் சாப்பிடும்போது அவரை மட்டும் அறையில் விடாதீர்கள். எச்சில் வழியும், இருமல் வரும் என்று அவரே ஒதுங்குவார். மேசையில் ஒரு துண்டும் ஒரு கோப்பையும் வைத்துப் பக்கத்தில் உட்காரவையுங்கள், அவர் குடிப்பது வெறும் பால் ஆனாலும்.

மூக்கில் குழாய் போட்டால் கடைசிக் கட்டம் என்று அர்த்தமா?

இல்லை. வாய் ஆறும் வரை ஒரு மாற்றுப் பாதை. நான்கு வாரத்துக்கு மேல் தேவைப்படும் என்றால் வயிற்றில் நேரடியாகப் போடும் குழாயைப் பற்றிப் பேசுவார்கள். குழாய் போட்ட பிறகு “இனிமே சாப்பாட்டுச் சண்டை இல்லை” என்று நோயாளியும் மனைவியும் நிம்மதியாவதும் உண்டு. சாப்பாட்டின் சந்தோஷமே போய்விட்டது என்று சிலர் இன்னும் சோர்வதும் உண்டு. இரண்டையும் எதிர்பாருங்கள்.

குழாய் வழியாகப் பால் கொடுக்கும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்கட்டும். முடிந்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு தடவைக்கு 200 முதல் 250 மில்லி, மெதுவாக. முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். குழாய் அடைபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கழுவாமல் விட்ட பாலும் சரியாக நுணுக்காத மாத்திரையும்தான். வீட்டுக் கஞ்சியை மூக்குக் குழாயில் ஊற்ற வேண்டாம். மூக்கின் வெளியே குழாயில் உள்ள குறி நகர்ந்திருந்தால் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே உள்ளே போகாதவருக்கு, குழாய் போட்ட அன்றே முழு அளவு கொடுக்கக் கூடாது. இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் திடீரென இறங்கி இதயத்தைப் பாதிக்கும். அதனால்தான் கொஞ்சமாகத் தொடங்குகிறார்கள், கஞ்சத்தனம் அல்ல.

பேச்சு, விழுங்கல் நிபுணர் அனுமதித்தால் குழாய் இருக்கும்போதே தினமும் சில மடக்குத் தண்ணீர் விழுங்கட்டும். பயன்படுத்தாத தொண்டைத் தசை விழுங்க மறந்துவிடும். குடித்ததும் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, இருமலோடு காய்ச்சல் வந்தாலோ வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

“செத்துப் போனாப் பரவாயில்லை” என்கிறார். எப்படி எடுத்துக்கொள்வது?

உண்மையாக எடுத்துக்கொள்ளுங்கள். பிற புற்றுநோய்களைவிட இதில் தற்கொலை அபாயம் கூடுதல் என்பது வெளிநாட்டுப் பதிவேடுகளில் தெளிவாகத் தெரிகிறது. “தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கிறீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. எப்படி என்று யோசித்திருந்தால் தனியாக விடாதீர்கள், மார்பின், தூக்க மாத்திரைகளை வேறொருவர் பூட்டி வைக்கட்டும், அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள் அல்லது 999-ஐ அழையுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் லைன் 15555, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆவது பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது.

பணக் கவலையே பாதி நோயாக இருக்கிறது.

மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைக் கேளுங்கள். குறைந்த வருமானத்தினருக்கான அரசாங்கச் சுகாதாரத் திட்டமான பெக்கா பி40-க்குத் தகுதி உள்ளவர்களுக்கு அரசாங்க மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிக்க 1,000 வெள்ளி (ரிங்கிட்) வரை ஊக்கத்தொகையும், போக்குவரத்துக்குத் தனி உதவியும் உண்டு. விண்ணப்பம் சிகிச்சை தொடங்கும்போதே போக வேண்டும்.

சிகிச்சை முடிந்து மூன்று மாதம் ஆயிற்று. எடை இறங்குவது நின்றுவிட்டது, ஆனால் இன்னும் சோர்வாகவே இருக்கிறார்.

கதிர்வீச்சு முடிந்ததும் தினமும் பார்த்த முகங்கள் திடீரென இல்லாமல் போகின்றன. அந்த முதல் மாதங்களில்தான் பலர் மனம் இறங்குகிறார்கள். இரண்டு கேள்விகளையும் மறுபடி கேட்டு எண்ணிக்கை போடுங்கள். கூடவே தைராய்டு இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். கழுத்தில் கதிர் பட்டவர்களுக்குத் தைராய்டு மெல்ல மெல்லச் சுருங்கி அதன் சுரப்பு குறையும், சில வருடம் கழித்தும் இது வரும். களைப்பு, குளிர் தாங்காமை, மந்தம், மலச்சிக்கல் என்று பார்க்க மனச்சோர்வுபோலவே இருக்கும். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் என்ற அந்தத் தைராய்டு பரிசோதனையைப் பார்ப்பது வழக்கம். கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று அப்பாயின்மென்ட் அட்டையின் பின்னால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.